படிப்பு ஏறாத பிள்ளை



“என் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை.” தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டுப் பெயர்ந்தவர்கள் வாழும் மலிவுவிலை வீடுகளிலும் நாம் அடிக்கடி கேட்கின்ற சொற்கள் இவை. சொல்லும்போதே பெற்றோரின் குரலில் ஒரு முடிவு தெரியும். மழை பெய்யவில்லை என்பதுபோல, இதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்ற முடிவு அது.

ஆனால், சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாம் அப்படி விட்டுவிடுகிறோமா? எதனால் வந்தது என்று கேட்கிறோம். கிளினிக்கிற்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். காய்ச்சல் ஓர் அடையாளம். அதன் காரணம் வேறெங்கோ இருக்கிறது. படிப்பு ஏறாமையும் அப்படிப்பட்ட ஓர் அடையாளமே. காரணத்தைத் தேடிப் பார்க்காமல் “மக்கு” என்று பெயர் சூட்டிவிடுவது, காய்ச்சலைச் சோதிக்காமலே பிள்ளையைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

ஒரு காலத்தில் இந்தக் கவலை அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வேண்டும் என்று விதித்தது. பள்ளிகள் வந்தன. ஆயினும், கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் சொல்லிக் கொடுத்த பள்ளிகள் பல. பாடம் வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளைக்கு முன்னால் பால்மரம் நின்றது. பெரட்டுக்குப் போக எழுத்து வேண்டியதில்லை என்று பெரியவர்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள்.

இன்று அந்தத் தேறுதலுக்கு இடமில்லை. எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. தோட்டம் போனபோது வேலை மட்டும் போகவில்லை. குடியிருந்த லயமும் சேர்ந்தே போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாமல் நகரத்திற்குப் போகும் இளைஞன் லாரி ஓட்டும் உரிமம் எடுக்கவும், வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியவும், தன் சம்பளச் சீட்டில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவன் படித்துப் பார்க்காத தாளில் கையொப்பம் இடக் கூடாது என்றே சொல்கிறேன்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். வகுப்பு ஏறுவது வேறு. படிப்பு ஏறுவது வேறு. நம் நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் தேர்ச்சி பெறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கும் வழக்கம் இல்லை. ஆண்டு பிறந்தால் இரண்டாம் ஆண்டு மாணவன் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விடுகிறான். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வுப் பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால், பெற்றோர் கவனிக்காமல் இருந்தால், ஒரு வரி படிக்கத் தெரியாத பிள்ளை ஆறு ஆண்டுகளும் யாருக்கும் தொந்தரவு தராமல் கடைசி வரிசையில் அமர்ந்து இடைநிலைப் பள்ளி வரை போய்விட முடியும்.

அப்படியானால், நம் பிள்ளைக்குப் படிக்கத் தெரிகிறதா என்பதை எப்படி அறிவது? “எனக்கே எழுத்துத் தெரியாதே” என்று தயங்கும் தாய்மாரும் இதை அறியலாம். பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, அவனுடைய பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ததைப் படத்தைப் பார்த்தே கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். ஆகவே, படத்தைக் கையால் மூடுங்கள். வரியின் நடுவே ஒரு சொல்லில் விரலை வைத்து, “இது என்ன, ஐயா?” என்று கேளுங்கள். அவன் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு வேறு சில சொற்களைக் கேட்டுவிட்டு, மீண்டும் முதல் சொல்லுக்கே திரும்பி வாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகச் சொன்னால் அவன் படிக்கவில்லை, ஊகம் செய்கிறான். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எழுத்து வேண்டாம். நினைவும் பொறுமையும் போதும்.

ஊகம் செய்கிறான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கண். கரும்பலகையில் உள்ளதைத் தவறாகப் பார்த்து எழுதுகிற பிள்ளை, புத்தகத்தை மூக்கிற்கு அருகில் வைத்துக்கொள்கிற பிள்ளை, தொலைக்காட்சிக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்கிற பிள்ளை, தூரத்துப் பொருளைக் கண்ணை இடுக்கிப் பார்க்கிற பிள்ளை, இவர்களுக்குப் பார்வைக் குறை இருக்கலாம். பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்து வந்த பிள்ளை, உலகம் எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளும். அதுவாக வந்து சொல்லாது. சுவரில் தொங்கும் நாள்காட்டியின் தேதியை எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கிறது என்று மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். பல ஆண்டு ஏச்சு செய்யாததை ஒரு மூக்குக்கண்ணாடி செய்துவிடக்கூடும்.

இரண்டாவது, காது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காதின் உள்ளே நீர் கோத்து, கேட்கும் திறன் குறைவதுண்டு. சிலருக்குச் சீழ் வடியும். “சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான்” என்று குறை சொல்கிறோமே, அவனுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்ததா? அவன் முதுகுப் பக்கம் நின்று மெல்லிய குரலில் பெயரைச் சொல்லி அழைத்துப் பாருங்கள். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். “பல்”, “பள்” என்ற ஒலிகளின் வேறுபாடு கேட்காத பிள்ளை அவற்றை எப்படிப் பிழையின்றி எழுதும்?

மூன்றாவது, வயிறு. விடிவதற்கு முன்பே வேலைக்குப் போகும் வீடுகளில், பிள்ளை ஒரு குவளைத் தேநீரையும் இரண்டு பிஸ்கட்டையும் உண்டுவிட்டுப் பள்ளிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஒன்பது மணிக்கெல்லாம் பசி கண்ணை மறைக்கும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை எளிதில் களைத்துப் போகும். பாடத்தில் மனம் நிலைக்காது. வயிற்றுப் பூச்சியும், அதிலும் வெறுங்காலோடு நடக்கும்போது மண்ணிலிருந்து காலின் வழியே ஏறும் கொக்கிப் புழுவும் இரத்தத்தைக் குறைத்துவிடும். உணவோடு குடிக்கும் தேநீர், உணவில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஆகவே, காலையில் தேநீருக்குப் பதிலாக ஒரு முட்டையோ, முதல் நாள் இரவு எடுத்துவைத்த சோற்றோடு நெத்திலியோ கொடுங்கள். முருங்கைக் கீரையும் பருப்பும் நம் வீட்டு வாசலிலும் அடுப்படியிலும் இருப்பவைதாமே! வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. திட்டத்தின்கீழ் அரசாங்கப் பள்ளிகளில் இலவச உணவு உண்டு. உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நான்காவது, உறக்கம். பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும். பெற்றோர் எழும் காலை ஐந்து மணிக்கே பிள்ளையும் எழுவதானால், இரவு எட்டு மணிக்கெல்லாம் படுத்தாக வேண்டும். பதினோரு மணி வரை தொலைக்காட்சி நாடகமும் கைத்தொலைபேசியும் ஓடும் வீட்டில் இது நடக்குமா? வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். உறங்க விடாதவர்கள் யார்?

ஐந்தாவது, விட்டுப்போன நாட்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று நாள், உறவினர் வீட்டுக் கல்யாணத்திற்கு இரண்டு நாள், மழை பெய்தால் ஒரு நாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவுக்கு ஒரு நாள் என்று கணக்குப் பாருங்கள். முதலாம் ஆண்டில் ஒரு வாரம் போகாத பிள்ளைக்கு அந்த வாரத்து எழுத்துகள் தெரியாது. அந்த எழுத்துகள் வரும் சொற்களெல்லாம் அடுத்த வாரம் புதிராகிவிடும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்கென்று நிறுத்தி வைப்பது இன்னும் பெருந்தவறு. 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஆரம்பக் கல்வி கட்டாயம் என்பதையும், பிள்ளையை அனுப்பாத பெற்றோர் தண்டனைக்கு உள்ளாகலாம் என்பதையும் மறந்துவிடலாகாது.

இனி, எழுத்துக்கு வருவோம். தமிழில் 247 எழுத்துகள் என்றதும் பிள்ளை மலைத்துப் போகிறது. உண்மையில் 12 உயிரையும் 18 மெய்யையும் ஆய்தத்தையும் உயிர்க்குறிகளையும் பிடித்துக்கொண்டால், 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி தானாக வந்துவிடும். உகர, ஊகார வரிசைகளை மட்டும் தனியே பழக்க வேண்டும்; “கு”, “சு”, “மு” ஒவ்வொன்றும் ஒரு வடிவம் அல்லவா? பல பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் கொம்பு. “கெ” என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால், அதன் ஒலியோ பின்னால் வருகிறது. “கொ” என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நின்று நடுவில் உள்ள எழுத்தைக் கட்டிப் பிடிக்கின்றன. “கொடி” என்பதைப் பிள்ளை “கெடி” என்று படித்தால் அவன் மக்கல்ல. காலைக் கவனிக்க மறந்துவிட்டான், அவ்வளவுதான். அந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு வரிசைச் சொற்கள் திறந்துகொள்ளும். முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லி, எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். கையும் கண்ணும் காதும் சேர்ந்து கற்பது எளிதில் மறக்காது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளை அது சுமக்கிறது. தமிழில் “ப” என்னும் ஒரே எழுத்து, “பல்” என்னும் சொல்லில் ஒருவிதமாகவும் “அம்பு” என்னும் சொல்லில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. மலாயிலோ அந்த இரண்டு ஒலிகளுக்கும் இரண்டு எழுத்துகள். மலாயில் “புதியது” என்பதற்கு ஒரு சொல். “நுரையீரல்” என்பதற்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் “பாரு” என்றே வரும். க, ச, த ஆகிய எழுத்துகளிலும் இதே நிலைதான். நம் பிள்ளைகள் மலாய்ச் சொல்லெழுத்தில் தடுமாறுவதற்கு இது ஒரு பெருங்காரணம். இது அறிவுக் குறையன்று. இரண்டு மொழிகளின் அமைப்பில் உள்ள வேற்றுமை. “தொண்டையில் கையை வைத்துப் பார், இந்த ஒலிக்கு அதிர்கிறது, அந்த ஒலிக்கு அதிரவில்லை” என்று காட்டினால் பிள்ளைக்கு விளங்கிவிடும். இதை ஆரம்பத்திலேயே சரிசெய்தால், தேசிய மொழியில் போதிய தேர்ச்சியின்றிப் புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்க நேரும் நிலையைத் தவிர்க்கலாம். இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாயில் வரும்போது பிள்ளை மிரண்டு போகாமலும் இருக்கும்.

கண், காது, உணவு, உறக்கம், வருகை எல்லாம் சரியாக இருந்தும், பேச்சில் கெட்டிக்காரனாக இருந்தும், எழுத்துகளைச் சேர்த்துப் படிக்கமட்டும் முடியாத பிள்ளைகளும் உண்டு. நேற்றுச் சொல்லிக் கொடுத்த எழுத்து இன்று நினைவில் இராது. ஒலிகளைப் பிரித்தும் சேர்த்தும் சொல்வதில் திணறுவார்கள். இதை டிஸ்லெக்சியா என்பார்கள். இது சோம்பலால் வருவதன்று. தீய வளர்ப்பால் வருவதுமன்று. குடும்பங்களில் வழிவழியாகக் காணப்படுவது. இதற்கு மாத்திரை இல்லை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, திரும்பத் திரும்பக் கற்பிக்கும் தனிப் பயிற்சி உண்டு. இத்தகைய பிள்ளையைப் பள்ளி வழியாகவோ அரசாங்கக் கிளினிக் வழியாகவோ சோதிக்க வேண்டும். சிறப்புக் கல்வி தேவை என்று கண்டால், அதற்கான வகுப்புகள் சில பள்ளிகளில் இருக்கின்றன; அங்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை. “பைத்தியக்கார வகுப்பு” என்று அக்கம்பக்கத்தார் பேசுவார்களே என்று அஞ்சிப் பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள். பேசுகிறவர்கள் நாளை உங்கள் பிள்ளைக்குச் சோறு போடப் போவதில்லை.

அடித்தால் படிப்பு வருமா என்று கேட்பீர்கள். அடித்தால் பயம் வரும். பயந்த பிள்ளை முதலில் கற்பது புத்தகத்தை ஒளித்து வைக்கவும், வீட்டுப்பாடம் இல்லை என்று பொய் சொல்லவுமே. “பக்கத்து வீட்டுப் பையனைப் பார்” என்பதும் ஓர் அடியே; பிரம்படி ஆறிவிடும், அந்த அடி ஆறாது. தந்தை குடித்துவிட்டு வந்து சத்தமிடும் வீட்டில் புத்தகம் விரித்த பிள்ளையின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். அங்கே பாடம் கேட்பது யார் காதில்?

அடிக்குப் பதிலாக நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேளுங்கள். படித்த கதையைத் தன் சொந்த வார்த்தையில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தறியாத தாய்க்குக் கதை சொல்லும் பிள்ளை, தானே ஆசிரியராகிறது. அதன் நெஞ்சு நிமிர்கிறது. கணக்கை நம் தொழிலிலேயே காட்டலாம். “ஒரு வரிசையில் 8 குலை, இப்படி 6 வரிசை, அப்பா எத்தனை குலை வெட்டினார்?” என்று கேளுங்கள். கடைக்குப் போகும்போது மீதிச் சில்லறையை அவனே எண்ணட்டும். சரியாகச் செய்ததை வாய்நிறையச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் முன்னேற்றம் தெரியாது. சென்ற மாதம் மூன்று சொல் படித்தவன் இந்த மாதம் பத்துச் சொல் படித்தால் அதுவே வெற்றி.

இவற்றோடு பள்ளிக்கும் போக வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு ஆண்டில் ஒருமுறை போய்த் திரும்புவது போதாது. வேலை உடுப்போடு வந்திருக்கிறோமே என்று கூச்சப்படாமல் வகுப்பாசிரியரைத் தனியே பாருங்கள். “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டால், “பரவாயில்லை” என்ற பதில்தான் வரும். “டீச்சர், என் மகன் தானாக ஒரு வரி படிக்கிறானா? எந்த எழுத்தில் தடுமாறுகிறான்? குறைநீக்கல் வகுப்பில் சேர்க்க வேண்டுமா? வீட்டில் நான் எதைச் செய்ய வேண்டும்?” என்று நான்கு கேள்வி கேளுங்கள். அவரும் உங்களுக்கு நான்கு பதில் சொல்வார். பெமுலிஹான் என்று பிள்ளைகள் சொல்லும் அந்தக் குறைநீக்கல் வகுப்பு, எழுத்திலும் வாசிப்பிலும் எண்ணிலும் பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுவாக வைத்துக் கற்பிப்பது. அது முக்கியமாக முதல் மூன்று ஆண்டுகளின் மாணவர்களுக்கானது. ஆகவே, மூன்றாம் ஆண்டு முடியும் வரை “தானாகச் சரியாகிவிடும்” என்று காத்திருந்தால், எளிதில் திறக்கும் கதவு ஒன்று நமக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும். அதைத் தாண்டிய பிள்ளைக்கு வழியே இல்லை என்பதில்லை. ஆனால், அந்த வழி நீளமானது.

நேயர்களே, இளம் பால்மரத்தில் பால் குறைந்தால் யாரும் உடனே அதை வெட்டிச் சாய்ப்பதில்லை. பட்டையைப் பார்க்கிறோம், வேரைப் பார்க்கிறோம், உரம் போதுமா என்று பார்க்கிறோம். அந்தப் பொறுமையில் பாதியையாவது நம் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குக் கொடுப்போம். “படிப்பு ஏறவில்லை” என்று சொல்வதை நிறுத்திவிட்டு, “எங்கே தடுக்கிறது?” என்று கேட்கத் தொடங்குவோம். இன்று மாலையே பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, படத்தை மூடி, ஒரு சொல்லில் விரலை வையுங்கள்.